வேங்கடபதி சாரின் ஒல்லிப் பாலம்

வேங்கடபதி சார் காலமாகிவிட்டார் என்று ஒரு நாள் காலையில் தொலைபேசியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அவருடைய அலுவலகத்தில் படம் வரைந்து பிழைத்தவன் எவனும் முதல் தடவை சொல்லப்படும் எதையும் நம்ப மாட்டான். "யாருங்க பாத்தது?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேசியவர் ஒரு காண்ட்ராக்டர். "ஏனுங்க, இதையெல்லாமா வெளையாட்டுக்குச் சொல்லுவாங்க?" என்றார். போனை வைத்துவிட்டு சார் வீட்டு எண்ணுக்கே அடித்தேன். எடுத்தவர் அழுதார். அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை, ராங் நம்பராக இருக்கலாம் என்று.

நேரில் போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் சார் படுத்திருந்தார். முகத்தில் வழக்கமான அந்தச் சுளிப்பு இருந்தது. பெட்டிக்காரன் கரண்ட் சரியாகக் கொடுத்திருக்கிறானா என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதுபோல. அவர் மனைவி சுலோசனா அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்கப் போனவன் என்ன சொல்ல வேண்டுமோ அது எனக்கு வாயில் வரவில்லை. "எந்த டாக்டருங்கம்மா பாத்தாரு?" என்றுதான் வந்தது. சுற்றியிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அந்த அம்மா மட்டும் முறைக்கவில்லை. "நீ கேப்பேன்னு தெரியும். ரெண்டு டாக்டரு பாத்தாச்சு. ஒருத்தரு சொன்னதை இன்னொருத்தருகிட்டச் சொல்லாமயே பாக்கச் சொன்னேன்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பாலமும் கட்டடமும் கட்டுகிறவர்களின் இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பாதிப் பேர் அவரிடம் கேள்வி கேட்கப்பட்டு வேர்த்திருப்பீர்கள். மீதிப் பேர் அவரோடு டீக்கடைக்குப் போய்த் தலைகுனிந்திருப்பீர்கள். கிளாஸைக் கழுவும்போது நேரில் நின்று பார்ப்பார். கழுவிய தண்ணீரையும் பார்ப்பார். பிறகு டீயைக் குடிக்காமல் என்னிடம் நீட்டி, "நீ குடிச்சுப் பாரு" என்பார். நான் குடித்து, உயிரோடு இருப்பதைச் சற்று நேரம் கவனித்த பிறகுதான் தனக்கு ஒன்று சொல்வார். என் பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். உண்மையில் நான் செய்த வேலைகளில் முக்கியமானது இதுதான்.

மில்லுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மார் இருவரும் நூலும் பஞ்சுமாக இருந்தபோது இவர் மட்டும் கோயமுத்தூர் ராம்நகரில் ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்து, பாலம் டிசைன் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். குடும்பத்தில் யாரும் அதைத் தொழில் என்று நம்பவில்லை. அவரும் அவர்கள் மில்லை நம்பவில்லை. விசேஷங்களில் சந்தித்துக்கொண்டால் இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று அனுதாபத்தோடு பார்த்துக்கொள்ளும்.

ஒருமுறை வால்பாறைப் பக்கம் ஒரு சிறுபாலத்தைப் பார்த்துவரக் கிளம்பினோம். மலையேறும் முன் பஸ் டிரைவரிடம் போய், "பிரேக்கு எப்பங்க பாத்தது?" என்று கேட்டார். டிரைவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. கேள்வியைத் திரும்பக் கேட்டார். "ஏனுங்க, நீங்களே ஓட்டறீங்களா? நான் பின்னால உக்காந்து வாரேன்" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் காட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. சார் முன்படிக்கட்டின் அருகே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கொண்டையூசி வளைவுகள் அத்தனையையும் கடந்தார். அவர் நிற்கும்போது நான் உட்கார முடியுமா? மேலே போய்ச் சேர்ந்ததும், கால் கடுத்த ஆத்திரத்தில், "பாத்தீங்களா சார், ஒண்ணும் ஆகலை" என்றேன். அவர் சொன்னது இது: "ஆகலைங்கறது சாட்சியில்லைப்பா. இன்னும் ஆகலைன்னுதான் அர்த்தம்."

நான் பத்திரிகைகளில் நகைச்சுவை என்ற பெயரில் எழுதிவந்ததும் அவருக்குத் தெரியும். 'எழுத்தாளரே' என்று கூப்பிட்டால் ஏதோ தப்புக் கண்டுபிடித்திருக்கிறார் என்று பொருள். ஒருநாள் ஒரு வார இதழை விரித்து என் மேசையில் போட்டார். "எழுத்தாளரே, இதுல வர்ற கஞ்ச முதலாளி யாரு?" என்றார். "கற்பனைங்க சார்" என்றேன். "கற்பனைக்கு எப்படி என்ற கண்ணாடி வந்துச்சு?" என்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். ஒரு காதுக்கு நூல் கட்டிய அதே கண்ணாடி. நூலைக்கூட நான் விடாமல் எழுதியிருந்தேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். "நூலு கறுப்புன்னு எழுதியிருக்கே. பழுப்பு. பாத்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவர் கட்டிய பாலத்தை ஓர் ஊரே நம்ப மறுத்ததுதான் நான் சொல்ல வந்த கதை.

நொய்யல் கரையில் மருதந்துறை இருக்கிறது. ஆற்றை ஒட்டித் துறையம்மன் கோயில், கருங்கல் மண்டபம், வழவழவென்று தேய்ந்த படித்துறை. அந்தப் படித்துறை எந்த ராஜா கட்டியது என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அதில் ஒரு கல்லைத் தொட்டாலும் இரண்டு கட்சியும் சேர்ந்து வரும். பக்கத்திலேயே வெள்ளைக்காரன் காலத்து வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளத்தில் அதன் தூண் ஒன்றின் அடிமண் அரித்து, பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பஸ் நின்றது. அக்கரை ஜனங்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் வர ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அதிகாரிகள் முதலில் கொண்டுவந்த பிளானில் தூண்கள் யானைக்கால் மாதிரி வரிசையாக நின்றன. சாலை மேலே ஏறி, மண்டபத்துக்கு முன்னால் சுவர்போல எழும்பியது. படித்துறையில் பாதி மண்ணுக்குள் போயிற்று. கோயில் கமிட்டித் தலைவர் முத்துச்சாமிக் கவுண்டர் மனு மேல் மனுவாகப் போட்டு அதைத் தடுத்து நிறுத்தினார். வேறு வழி சொல்லும்படி அந்த வேலை ராம்நகர் மாடிக்கு வந்து சேர்ந்தது.

சார் முதல் நாள் அங்கே போய் ஒரு கோடுகூடப் போடவில்லை. செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, படித்துறையில் உட்கார்ந்தார். கோயில்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டு அவர் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. சாமியை நம்பினாலும் வாசலை நம்ப மாட்டார். தர்ப்பணம் செய்ய வந்தவர்கள், துவைக்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் இறங்கியபோது, "இங்க நிக்கறவனுக்குப் பாலம் தெரியக்கூடாதுப்பா. பாலத்துக்கு அடியில அக்கரை தெரியோணும்" என்றார்.

அப்படித்தான் வரைந்தார். படித்துறைக்கு எட்டத்தில் இரண்டே இரண்டு மெல்லிய தூண்கள். அவற்றின் மேல் தளம் தடித்து உட்கார்ந்து, நடு ஆற்றுக்குப் போகப் போக இளைத்துக்கொண்டே போகும். நடுவில் வயிறு ஒட்டிப்போன மாதிரி இருக்கும். கான்கிரீட்டுக்கு உள்ளே கம்பிவடங்களை ஓட்டி, இரு முனையிலும் இழுத்துப் பூட்டிவிட வேண்டும். அந்த இழுப்புத்தான் பாலத்தைத் தூக்கி நிறுத்தும். டிரேசிங் பேப்பரில் அதை வரைந்து முடித்தபோது நான் அறியாமல், "நெம்ப அழகா இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. "அழகா இருக்கா? அப்ப எங்கியோ தப்பு இருக்கும். எடு கணக்கை" என்று முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட்டார். பழைய கணக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே தனக்குத் தெரியாமல் போட்டார். விடை மாறவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அட்டையில் ஒரு மாதிரி செய்து எடுத்துக்கொண்டு மருதந்துறை போனோம். கோயில் மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. படித்துறையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம், மாலை போடுவார்கள் என்று நான் நல்ல சட்டை வேறு போட்டுக்கொண்டு போயிருந்தேன். கவுண்டர் குனிந்து அட்டைப் பாலத்தைப் பார்த்தார். அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"ஏனுங்க, நடுவுல தாங்கறதுக்கு ஒண்ணையுமே காணமுங்களே?"

"வேண்டியதில்லீங்க" என்றார் சார்.

"வேண்டியதில்லையா, வெக்கலையா?"

சார் விளக்கினார். அவர் விளக்கம் எப்போதுமே ஏற்கனவே விளங்கியவர்களுக்குத்தான் விளங்கும். கூட்டத்தில் ஒரு குரல், "பாலம் சோறு திங்காத புள்ளையாட்ட இருக்குதுங்க" என்றது. அந்த நிமிஷமே அதற்கு 'ஒல்லிப் பாலம்' என்று பெயர் விழுந்துவிட்டது. கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க சனம் போகோணுமுங்க. கரும்பு வண்டி போகோணும். தேரு நோம்பிக்கு ஊரே ஒண்ணா அதுமேல நிக்கும். ஒருக்கா சாஞ்ச பாலத்தைப் பாத்தவிங்க நாங்க" என்றார். அந்தப் பேச்சில் தப்பு எதுவும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

அடுத்த சில மாதங்களில் புறப்பட்ட வதந்திகளைத் தொகுத்திருந்தால் நான் ஒரு நாவல் எழுதியிருக்கலாம். தூணைத் தின்றுவிட்டார்கள் என்றார்கள். தூண் குறைந்தால் பாலம் பலி கேட்கும் என்றார்கள். அக்கரையில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவே பயந்தார்கள். கருமத்தம்பட்டிச் சந்தையில் ஒருவர், பெருந்துறைப் பக்கம் இதேபோல ஒரு பாலத்தில் லாரி விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பெருந்துறைக்குப் போய் விசாரித்தால், அது கருமத்தம்பட்டிப் பக்கம் நடந்தது என்றார்கள். நான் இதைச் சாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சந்தேகப்படட்டும். அவிங்கதானே மேல நடக்கப் போறவிங்க. ஆனா சரியான எடத்துல சந்தேகப்படோணுமே. தூணைப் பாக்கறாங்க. கம்பியைப் பூட்டற எடத்தைக் காட்டுங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்டீங்கறான்" என்று வருத்தப்பட்டார்.

ஊருக்குப் புரிய வைக்க அவர் செய்த ஒரே முயற்சி கோயிலுக்கு எதிரே டீக்கடையில் நடந்தது. கடைக்காரரிடம் தீப்பெட்டிகளை வாங்கி வரிசையாக ஒட்டி வைத்தார். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அப்படியே மேலே தூக்கினார். வரிசை கலையாமல் அந்தரத்தில் நின்றது. "இப்ப மேல டீ கிளாஸை வை" என்றார். வைத்தேன். நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"இப்படித்தானுங்க. கை அழுத்துதில்ல, அதுதான் உள்ள இருக்கற கம்பி."

கவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. "நடுவுல ஒரு வெரலு குடுத்தா இன்னும் நல்லா நிக்குமுங்களே" என்று அடியிலிருந்து சுட்டுவிரலை வைத்துத் தாங்கினார். அவர் தாங்கியது கொஞ்சம் பலமாகவே ஆகிவிட்டது. வரிசை நடுவில் மேலே புடைத்து, படீரென்று பிரிந்தது. டீ முழுவதும் என் நல்ல சட்டையில்.

"பாத்தீங்களா, தாங்கறேன்னு வெச்சதுதான் உடைச்சது" என்றார் சார், வெற்றி பெற்றவர்போல.

கவுண்டர் தரையில் கிடந்த தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தார். அடுத்ததையும் திறந்து பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இந்தப் பெட்டியெல்லாம் உன்றதுதானா, இல்லை இவிங்க கொண்டாந்ததா?" என்றார். அந்த நிமிஷத்தில் சாருக்கும் அவருக்கும் ஏதோ சொந்தம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. கவுண்டர் கமிட்டிக்காரர்களோடு ராம்நகர் மாடியேறி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு ஒரு சமாதானம் சொன்னார். "நீங்க உங்க பாலத்தையே கட்டிக்குங்க. அடியில மட்டும் ஒரு நாலு தூணு சும்மா வெச்சுருங்க. பாரம் தாங்க வேண்டாமுங்க. பாக்கறதுக்குத்தான். சனம் தைரியமா நடக்கும்."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அதிகாரிகளுக்கும் அப்படியே பட்டது. சார் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "சும்மா நிக்கற தூணுன்னு உலகத்துல ஒண்ணு இல்லீங்க. இன்னிக்குச் சும்மா நிக்கும். நாளைக்கு மண்ணு ஏறும், தளம் கொஞ்சம் எறங்கும், தூணு தொட்டுரும். தொட்ட அன்னிக்கு உங்க வெரலு வேலையைப் பண்ணிப்போடும். மேல விரிசல் உடும். வெள்ளத்துல வர்ற மரமெல்லாம் அதுலதான் வந்து சிக்கும். பொய்த்தூணு வெக்கறதுன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார்.

வேறு ஆளைப் பார்த்தால் யானைக்கால் பிளான் திரும்பி வரும், படித்துறை போய்விடும். ஒல்லிப் பாலத்தை ஒத்துக்கொண்டால் உயிர் போய்விடும் என்று ஊர் நினைத்தது. சாருக்கோ, அவர் வாழ்நாளில் அவர் மனசுப்படி வரைந்த ஒரே பாலம் அதுதான். மற்றதெல்லாம் சிறுபாலமும் கால்வாய் மதகும். முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த வாரம் அவர் டீயை என்னைக் குடித்துப் பார்க்கச் சொல்லாமலே குடித்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் ஊர், அம்மனிடம் பூக்கேட்டு முடிவு செய்வது என்றது. நம் பக்கத்தில் இதைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். சம்பந்தம் இல்லாத ஒருவர் வந்து ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அதிகாரிகளும், ஊர் சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் மாலையே போய்க் கோயில் சத்திரத்தில் தங்கினோம். சார் பூசாரியைப் பிடித்துக்கொண்டார். பொட்டலத்தை யார் கட்டுவது, எப்போது கட்டுவது, ராத்திரி எங்கே இருக்கும், எடுக்காத பொட்டலம் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டார். "சாயங்காலமே கட்டி அம்மன் காலடியில வெச்சுருவமுங்க. எடுக்காததைப் பிரிக்கறதில்லீங்க. அப்படியே ஆத்துல உட்டுருவோம்" என்றார் பூசாரி. பிறகு விளக்கு வைத்த நேரத்தில் சார் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார். நான் சத்திரத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைப் பைக்குள் வைக்காமல் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். மனுஷன் அவ்வளவு கலங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

பெண்கள் குலவையிட்டார்கள். கவுண்டர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி அம்மனைக் கும்பிட்டார். "அம்மன் சொல்லிப்போட்டா. இனி நான் வாயைத் தொறக்கலீங்க" என்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. உத்தரவுக்குப் பணிந்தாரே தவிர, பயம் போகவில்லை என்பது தெரிந்தது.

அப்போது சார், "அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரிங்க" என்றார்.

குலவை நின்றது. "அதைப் பிரிக்கறது வழக்கமில்லீங்க" என்றார் பூசாரி.

"அதனாலதான் கேக்கறேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அவிங்களுக்குத் தோதாத்தானே வந்திருக்குது, இன்னும் என்னவாமா?" என்றார். நான் சாரின் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஏனுங்க, அம்மன் மேலயே சந்தேகமுங்களா?" என்றார் கவுண்டர்.

"அம்மன் மேல இல்லீங்க. பொட்டலத்து மேல."

கவுண்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டிலிருந்த பொட்டலத்தைத் தானே எடுத்து, நூலை அறுத்து, இலையை விரித்தார். உள்ளே வெள்ளை அரளி.

மண்டபத்தில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். "செவப்பும் வெள்ளையுமாத்தானுங்க கட்டுனேன், அம்மன் மேல ஆணையா" என்று அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அடுத்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோயமுத்தூர் ஆள், பத்திரிகையில் எழுதுகிறவன், முழியும் சரியில்லை.

"இந்த உத்தரவு செல்லாதுங்க" என்றார் சார். "மறுபடியும் கட்டுங்க. நீங்களே கட்டுங்க, கவுண்டரே. செவப்பு வந்தா நான் பையைத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

கவுண்டர் கையிலிருந்த வெள்ளைப் பூவைத் தட்டில் வைத்தார். "அம்மனை ஒரே நாள்ல ரெண்டு தடவை கேக்கக்கூடாதுங்க" என்றார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினார். "கேக்கவும் வேண்டாம். தனக்குத் தோதா வந்த பூவையே இந்த மனுசன் நம்பலை. பாலத்துல மட்டும் எதையாச்சும் நம்பி உட்டுருப்பாரா? நீங்க கட்டுங்க சார். எங்களுக்குத் தூணு வேண்டாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காந்திபுரம் வருவதற்குள், "எழுத்தாளரே, நீதானே?" என்றார். "சத்தியமா இல்லீங்க சார்" என்றேன். "சத்தியம் பண்றவனைத்தான் முதல்ல சந்தேகப்படோணும்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுவிடுவார். படித்துறையை நம்பிப் பிழைக்கும் பூசாரியாக இருக்கும், தலைவலி தீர்ந்தால் போதும் என்ற அதிகாரியாக இருக்கும், எதிர்த்த பேச்சிலிருந்து மரியாதையாக இறங்க வழி தேடிய கவுண்டராகவே இருக்கும் என்று நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவரைச் சொல்லிப் பார்ப்பேன். "அதெல்லாம் இருக்கட்டும், நீதானே?" என்பார்.

பாலம் எழுந்தது. மணல் ஏற்றிய லாரிகளை மேலே வரிசையாக நிறுத்திச் சோதித்த அன்றைக்குச் சார் வேட்டியை மடித்துக்கொண்டு சரியாகப் பாலத்தின் அடியில், தண்ணீரில் போய் நின்றார். ஊர் நெகிழ்ந்துபோயிற்று. தன் உயிரையே பணயம் வைத்தார் என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். எனக்குத் தெரியும், அவர் போனது வேறு எதற்கு என்று. பாலம் எவ்வளவு இறங்குகிறது என்று அடியில் நின்று அளவு பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த பையன் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சற்று நேரத்தில் கவுண்டரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார். அளவு சரியாகப் பார்க்கிறாரா என்று சாரைப் பார்க்க.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படித்துறையில்தான் சாரின் அஸ்தியைக் கரைத்தோம். அவர் மகன் காரியங்களைச் செய்துகொண்டிருந்தார். கவுண்டர் தள்ளாத வயதிலும் தடியூன்றி வந்திருந்தார். மேலே ஒரு பஸ் போயிற்று. கவுண்டர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஆடுதுங்களே?"

"ஆடோணுமுங்க. ஆடாட்டித்தான் பயப்படோணும்னு சார் சொல்லுவாரு" என்றேன்.

"சொல்லுவாரு, சொல்லுவாரு" என்றவர், பஸ் முழுதாகக் கடந்து போகும்வரை பார்வையை எடுக்கவில்லை. பிறகு என் காதருகே குனிந்தார். "இப்பவாச்சும் சொல்லுங்க. நீங்கதானே?" நானும் அதே கேள்வியைத் திருப்பி அவரிடம் கேட்டேன். இருவரும் துக்க வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டோம்.

எதற்குச் சிரிப்பு என்று சுலோசனா அம்மா கேட்டார். அவருக்கு இந்தப் பூக்கதை தெரியாது. வெளியில் நடப்பதைச் சார் வீட்டில் சொல்வதில்லை. கவுண்டர் போன பிறகு, படியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"இந்த ஊர்ல ராத்தங்கி வந்தாரே, அந்தத் தடவையா?"

"ஆமாங்கம்மா."

"அந்தச் சட்டையைத் தொவைக்க எடுத்தேன். பையில ஒரு செவப்பு அரளி நசுங்கிக் கெடந்துச்சு. எனக்குன்னு கொண்டாந்தாராக்கும்னு நெனச்சுக் கேட்டேன். 'அரளியை யாராச்சும் தலையில வெப்பாங்களா'ன்னு சொல்லிப்போட்டு, வாங்கிச் சன்னலுக்கு வெளிய போட்டுட்டாரு."

அன்று கோயில் வாசலில் அவர் விட்ட செருப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மனுக்கான பூவைச் செருப்போடு ஒரே பையில் அவர் கொண்டுபோக மாட்டார்.

கோயிலுக்குப் போனவர் பையில் பூ இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்தப் பூசாரியும் சிவப்பு அரளி பிரசாதம் கொடுப்பார். அப்படித்தான் இருக்கும் என்று பாதி நாள் நினைக்கிறேன். மீதி நாள், விளக்கு வைத்த நேரத்தில் அந்த மண்டபத்தில் தனியாக நின்ற ஒரு மனிதரை நினைக்கிறேன். ஊர் தன்னை நம்ப வேண்டுமென்றால், தான் ஜெயித்ததைத் தானே நம்பாமல் காட்ட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தால்? போட்டிருந்தால், அதையும் இரண்டாம் தடவை பழைய கணக்கைப் பார்க்காமல் போட்டிருப்பார். அப்புறம் இத்தனை வருஷம் 'நீதானே' என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது யாரைக் காப்பாற்ற?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். கவுண்டர் இந்த இதழைப் படிப்பதில்லை என்று நம்பி எழுதுகிறேன். நம்பக்கூடாது என்று பழக்கியவரைப் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வருவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு சந்தேகத்தைத்தான். அவருடைய பாலத்தில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கோ இறங்குகிறது, பஸ்ஸும் கரும்பு வண்டியும் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் காலையில் மண்டபத்தில் நடந்ததும் அவர் வரைந்ததுதான் என்றால், அதற்குத் தூண் எங்கே வைத்தார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.